செவப்பி என்னை மறக்க வேண்டும்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று என் நாள் போகும். 2017-ல் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்கு உட்பட்ட மேற்கு கலிமந்தானில் உள்ள ஓர் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். கூச்சிங்கிலிருந்து பஸ் பிடித்து, எல்லை தாண்டிப் பொந்தியானாக், அங்கிருந்து இன்னும் உள்ளே. கிளம்பும்போது அக்கா பிள்ளைகள், "குட்டியத் தூக்கி வெச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சின்னம்மா" என்றார்கள். அப்படி ஒரு படம் என்னிடம் இன்றுவரை இல்லை.

என்னை அங்கே கொண்டு சேர்த்தது 2015-ன் புகைமூட்டம். அந்த வருடம் மலேசியாவில் பள்ளிகளை மூடினார்கள், ஞாபகம் இருக்கும். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எங்கிருந்து வருகிற புகை என்று தேடிப் படித்தேன். இந்தோனேசியாவில் அந்த ஆண்டு சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்காமல் ஊறிக் கிடக்கும் சதுப்புநிலத்தில், தோட்டம் போடுவதற்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், நிலம் காய்ந்துவிடும். அதில் ஒரு தீப்பொறி விழுந்தால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். என் மூக்கில் ஏறியது யாரோ ஒருவருடைய வீடு எரிந்த புகை என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் பால்மரம் என்கிற ரப்பர், அப்புறம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அவர் குலை வெட்டிய காசில்தான் நான் படித்தேன். அதனால் செம்பனையைச் சபித்துக்கொண்டு நான் அங்கே போகவில்லை. ஒரு ஹெக்டேரில் அந்த மரம் தருகிற அளவு எண்ணெயைச் சோயாவோ சூரியகாந்தியோ தராது. எதை அழித்துவிட்டு அதை நடுகிறோம் என்பதுதான் என் கேள்வி. பழைய ரப்பர் காட்டில் நடுவதும், ஒராங்குட்டான் கூடு கட்டியிருக்கும் காட்டை வெட்டி நடுவதும் ஒன்றல்ல.

போவதற்கு முன்பே மையம் கேட்டது மருத்துவச் சான்றுகள். காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை, தடுப்பூசிப் பட்டியல், மல பரிசோதனை. ஒராங்குட்டானின் மரபணுத் தொகுதி நம்முடையதோடு சுமார் 97 சதவீதம் ஒத்துப்போகிறது. நமக்கு வருகிற சளி அதற்கும் வரும். நாம் தும்மிவிட்டு மறந்துபோகிற ஒன்று, ஒரு குட்டிக்கு நுரையீரல் அழற்சியாக முடியலாம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் தனியாக வைத்தார்கள். இப்படி ஒரு சான்றும் கேட்காமல், காசு மட்டும் வாங்கிக்கொண்டு "வாருங்கள், குட்டிக்குப் பால் கொடுக்கலாம்" என்று கூப்பிடுகிற இடம் இருந்தால், தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அது மறுவாழ்வு மையம் இல்லை. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் வேண்டாம். உரிய அனுமதிக் கடிதம் இல்லாமல் போனால் மாட்டிக்கொள்வது நாம் மட்டுமல்ல, மையமும்தான்.

குட்டிகளைத் தொடுவது உள்ளூர்ப் பராமரிப்பாளர்கள் மட்டும். பெரும்பாலும் அந்தத் தீவின் பூர்வகுடிகளான டயாக் பெண்கள். வெளியிலிருந்து போகிறவர்கள் கூண்டு கழுவலாம், பழம் நறுக்கலாம், மரக்கட்டையில் துளை போட்டுத் தேன் ஒளித்து வைக்கலாம், கயிறு கட்டலாம். எனக்கு ஒரு மைக்ராஸ்கோப்பைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். மூன்று மாதமும் நான் மலம்தான் பார்த்தேன். அதைவிட உருப்படியான வேலை வேறு எதையும் என்னால் அங்கே செய்திருக்க முடியாது.

நான் போன இரண்டாவது வாரம், ராத்திரி பதினொரு மணி இருக்கும், பிக்கப் லாரியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். வனத்துறை ஆட்களும் மையத்தின் கால்நடை மருத்துவரும் போய் ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து எடுத்து வந்தது. மரப்பெட்டி. உள்ளே சுமார் இரண்டு வயசுப் பெண் குட்டி. இடுப்பில் நைலான் கயிறு கட்டியிருந்த இடத்தில் தோல் உரிந்து புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது. டின் பாலும் சோறும் மீ நூடுல்ஸும்தான் அதுவரை சாப்பாடு. வயிறு உப்பி, கை கால் குச்சியாக, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிச்சம் இருந்த முடி மட்டும் விளக்கு வெளிச்சத்தில் செக்கச் செவேலென்று தெரிந்தது. மையத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நான் மனதுக்குள் செவப்பி என்று கூப்பிட்டுக்கொண்டேன்.

"காட்டில் தனியாகக் கிடந்தது, பாவம் பார்த்து வளர்த்தோம்" என்று அந்த வீட்டார் சொன்னார்களாம். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள் என்றார் மருத்துவர். ஒராங்குட்டான் தாய் குட்டியை ஏழெட்டு வருடம் தன்னோடு வைத்திருக்கும். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் உடம்போடுதான் சுமந்து திரியும். உயிரோடு இருக்கிற தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு வீட்டில் ஒரு குட்டி கட்டிக் கிடக்கிறது என்றால், எங்கோ ஒரு தாய் செத்துக் கிடந்திருக்கிறாள் என்று பொருள். ஒரு தாய் தன் ஆயுளில் நாலைந்து குட்டிதான் போடுவாள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு முதல் ஒன்பது வருடம். கொசு மாதிரிப் பெருகுகிற இனம் இல்லை இது. 1999-க்கும் 2015-க்கும் நடுவில் போர்னியோ தீவில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஒராங்குட்டான்கள் இல்லாமல் போயின என்று 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. காடு போனதால் மட்டுமல்ல. காடு மிச்சமிருந்த இடங்களிலும் சுட்டுக் கொன்றதால். 2019-ல் சுமத்ரா தீவின் ஆச்சேயில் மீட்கப்பட்ட ஒரு தாயின் உடம்பில் 74 ஏர்கன் குண்டுகள் இருந்தன. இரண்டு கண்ணும் போய்விட்டது. அவளோடு இருந்த குட்டி பிழைக்கவில்லை.

எங்காவது ஒரு குட்டியைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் பாவப்பட்டுக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நீங்கள் ஒன்றை வாங்கினால், அடுத்த வாரம் இன்னொரு தாயைச் சுடுவார்கள். இடம், நாள், நேரம் குறித்துக்கொண்டு, ஆள் தெரியாமல் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு, இந்தோனேசியா என்றால் பிகேஎஸ்டிஏ என்கிற இயற்கை வள அலுவலகத்துக்கும், மலேசியாவின் சபா மாநிலம் என்றால் வனவிலங்குத் துறைக்கும் சொல்லுங்கள். இந்தோனேசியாவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படியே ஒராங்குட்டானை வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம்.

செவப்பி சுமார் இரண்டு மாதம் தனிமைக் கூண்டில் இருந்தாள். ராத்திரியில் ஒரு கோணிச் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். அவளுடைய மலம் தினமும் என் மேசைக்கு வரும். அவளுக்கு இருந்தது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்கிற நூல் போன்ற புழு. பெரிய ஒராங்குட்டான் தாங்கிக்கொள்ளும். மெலிந்த குட்டியைக் கொன்றுவிடும். இதன் லார்வா மண்ணிலிருந்து தோல் வழியாகவே உள்ளே நுழையும். உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகவும் செய்யும். மருந்து உண்டு, ஆனால் தரையில் கிடக்கும்வரை மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். இந்த வேலைக்குப் போகிறவர் யாராவது இதைப் படித்தால் உதவும். மலம் விழுந்த உடனே எடுத்துப் பாருங்கள். ஒரு சொட்டு உப்புநீரில் கரைத்து, மூடிக்கண்ணாடி போட்டு, பத்தே நிமிடம். அந்த ஊர் வெயிலில் மாதிரியை நெடுநேரம் வைத்துவிட்டால், கொக்கிப்புழு முட்டை பொரிந்து லார்வா ஆகிவிடலாம். அப்புறம் எது எதுவென்று குழப்பம் வரும். தேவையில்லாத மருந்தைக் குட்டிக்குக் கொடுப்பார்கள். புது மாதிரியில் லார்வா நெளிந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். காலையில் தாமதமாக எழுந்தால் எல்லாம் கெட்டது. நான் நாலரைக்கு எழுந்துகொள்வேன்.

நான் செய்த தப்பும் இந்த விடியற்காலையில்தான் நடந்தது. மாதிரி எடுக்கப் போகும்போது கூண்டுக்கு வெளியே நின்று அவளிடம் பேச ஆரம்பித்தேன். தொடவில்லை, முகக்கவசமும் போட்டிருந்தேன், பேச்சுதானே என்று நினைத்தேன். "என்னடி செவப்பி, சாப்பிட்டியா, வயிறு எப்படி இருக்கு" என்று தமிழில் மெதுவாகப் பேசுவேன். அவள் சாக்கை விட்டுவிட்டுக் கம்பிக்கு வந்து உதட்டை நீட்டுவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஒரு வாரத்துக்குப் பிறகு என் செருப்புச் சத்தம் கேட்டாலே வந்துவிடுவாள்.

தனிமை முடிந்து காட்டுப் பள்ளிக்கு அவளை அனுப்பினார்கள். 'செக்கோலா ஹுத்தான்' என்று அங்கே சொல்வார்கள். காலையில் குட்டிகளை வேலி போட்ட காட்டுக்குள் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவது. தாய் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் அங்கேதான் கற்க வேண்டும். எந்த மரத்தின் பட்டையை உரித்தால் உள்தோல் தின்னலாம், கரையான் புற்றை எப்படி உடைத்து உறிஞ்சுவது, பிரம்புக் குருத்தை முள் குத்தாமல் எப்படி உருவுவது, எந்தக் கிளை தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடு கட்டுவது. காட்டு ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் புதுக் கூடு கட்டித்தான் படுக்கும். கிளைகளை வளைத்து, ஒடித்து, உள்ளே மடக்கி, மேலே இலை பரப்பி. குட்டிகள் இதைப் பராமரிப்பாளர்களைவிட மூத்த குட்டிகளைப் பார்த்துத்தான் அதிகம் கற்கின்றன.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் மாதிரிப் புட்டிகளோடு அந்த வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். மூத்த பராமரிப்பாளரிடம் ஏதோ கேட்டேன். மேலே நாலு ஆள் உயரத்தில் இருந்த செவப்பி என் குரலைக் கேட்டுச் சரசரவென்று இறங்கி, மண்ணில் நடந்து, வேலிக்கு வந்து நின்றாள்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கக், உங்கள் குரலுக்கு அது இறங்குகிறது. இன்றைக்கு உங்கள் குரல். பத்து வருடம் கழித்துத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன் குரலுக்கும் இறங்கும். அவன் கையில் துப்பாக்கி இருக்கும்." கக் என்றால் அக்கா. அவர் என்னைவிட வயதில் பெரியவர். மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுவார். "நாங்கள் கொஞ்சுவது எங்களுக்கு வேண்டியிருக்கிறது என்பதால் இல்லை. கொஞ்சாவிட்டால் இந்த வயதுக் குட்டி செத்துவிடும். அதனால் ஒரு வருடம் கொஞ்சுகிறோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொள்கிறோம். எடுக்கும்போது வலிக்கும். நீங்களும் ஒரு கை கொடுத்துவிட்டால் எடுக்க வேண்டிய கை ஒன்று கூடிவிடுகிறது."

அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு பாதையில் போனேன், வாய் திறக்கவில்லை. மாதிரியை அவரே எடுத்து வந்து கொடுத்தார். கிளம்பும் நாளில்கூட அவளைப் பார்க்காமல்தான் கிளம்பினேன். தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குரலும் ஒரு கைதான், அதுவும் பிடித்துக்கொள்ளும். அங்கே போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். குட்டியோடு எடுத்த படங்களைப் போடாதீர்கள் என்பது இரண்டாவது. அந்தப் படத்தைப் பார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கு "நமக்கும் ஒன்று வேண்டும்" என்று தோன்றினால் போதும்.

அதன்பின் 2020-ல் கொரோனா வந்தது. நம் நோய் அவற்றுக்குத் தாவிவிடுமோ என்று காட்டுக்கு விடுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். தன்னார்வலர்களுக்கும் கதவு மூடியது. 2023-ல் மருத்துவர் செய்தி அனுப்பினார்: "அவளை விடப் போகிறோம். விட்டபிறகு கண்காணிக்கும் முகாமில் மாதிரி பார்க்க ஆள் வேண்டும். வருகிறீர்களா?" இரண்டு மாதத்துக்கு மறுபடி விடுப்பு எடுத்தேன்.

இடையில் ஆறு வருடம் அவள் படித்திருக்கிறாள். காட்டுப் பள்ளி முடிந்து, தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவில் மனிதர் வாடையில்லாமல் வளர்ந்திருக்கிறாள். ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால் தீவே வேலி. விடுவதற்கு முன் மறுபடி காசநோய், ஹெபடைட்டிஸ் பரிசோதனை. மரபணுப் பரிசோதனையும் உண்டு. போர்னியோ ஒராங்குட்டானிலேயே மூன்று துணையினங்கள். வடமேற்கில் ஒன்று, நடுவிலும் தென்மேற்கிலும் ஒன்று, வடகிழக்கில் ஒன்று. எது எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக் காட்டில்தான் விட வேண்டும். அந்தக் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும், பழ மரம் போதுமானதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே காட்டு ஒராங்குட்டான்கள் நிறைந்து இடம் இல்லாமல் இருக்கக்கூடாது, பக்கத்துக் கிராமத்தாருக்குச் சம்மதம் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடி வருகிற காடு குறைவு. அதனால்தான் தகுதியான பல ஒராங்குட்டான்கள் கூண்டிலேயே வருடக்கணக்கில் காத்திருக்கின்றன. கண் போனவை, கை ஊனமானவை, காலமெல்லாம் மனிதரோடு வளர்ந்தவை போகவே போகாது.

கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தைத்தார்கள். அதன் பேட்டரி இரண்டு வருடம் வரை வரும். வெயிலுக்கு முன்னால் ராத்திரியிலேயே கிளம்பினோம். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, மருத்துவர் பெட்டிக்குள் பார்த்து, தண்ணீரும் பழமும் கொடுப்பார். நான் பின்னால் வந்த வண்டியில், வாயை மூடிக்கொண்டு. ரோடு முடிந்த இடத்தில் படகு. படகு முடிந்த இடத்தில், அந்தக் கிராமத்து ஆட்கள் மூங்கில் கட்டிப் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். புக்கிட் பாக்கா புக்கிட் ராயா தேசியப் பூங்கா. மேற்கு, மத்திய கலிமந்தான் மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மலைக்காடு. 2,278 மீட்டர் உயர புக்கிட் ராயா அங்கேதான். அந்த ஆட்களில் சிலர் முன்பு மரம் வெட்டப் போனவர்கள். இப்போது கண்காணிப்புக் குழுவில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். காட்டைக் காப்பாற்றுவது கடைசியில் இவர்களுடைய சம்பளம்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பெட்டியின் கதவை மேலே இழுத்தார்கள். ஒரு நொடிகூட நிற்கவில்லை. பக்கத்து மரத்தில் ஏறி, அடுத்ததற்குத் தாவி, இலைக்குள் போய்விட்டாள். யாரும் கைதட்டவில்லை. தட்டக்கூடாது என்பது விதி.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. கூட்டிலிருந்து கூடு வரை என்பார்கள். விடியுமுன் நாலு மணிக்கு அவள் படுத்த மரத்தடியில் நிற்க வேண்டும். சாயங்காலம் அடுத்த கூட்டில் படுக்கும் வரை பின்தொடர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்ன செய்கிறாள் என்று எழுத வேண்டும். என்ன தின்றாள், எவ்வளவு உயரத்தில், தரைக்கு வந்தாளா. பேனா வேண்டாம், மழையில் கரைந்துவிடும். பென்சில் கொண்டுபோங்கள், இரண்டு மூன்று. அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால் வரை நெருக்கமான துணி உறை. செருப்பு, பாட்டா எதுவும் வேலைக்காகாது. உள்ளூரில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள் போடுகிற முள் வைத்த ரப்பர் ஷூ மலிவு, வழுக்காது. மலாய் தெரிந்தால் பாதிக் கஷ்டம் போச்சு.

நாலாம் நாள் நானும் குழுவோடு உள்ளே போனேன். மேடேறி, ஓடையைத் தாண்டி, மூச்சிரைக்க நின்றபோது தலைக்கு மேலே ஒரு சத்தம். முத்தம் கொடுப்பது மாதிரி, உதட்டைக் குவித்து உறிஞ்சுகிற சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. கூடவே கிளை ஒடியும் ஓசை. பக்கத்தில் இருந்த பையன் என்னை இழுத்துப் பின்னால் தள்ளினான். கட்டை மாதிரி ஒரு காய்ந்த கிளை நான் நின்ற இடத்தில் வந்து விழுந்தது.

அந்த முத்தச் சத்தத்துக்கு ஒராங்குட்டான் மொழியில் "போ" என்று பொருள். பாம்புக்கும், மேகச் சிறுத்தைக்கும், பிடிக்காத மனிதருக்கும் எழுப்புகிற சத்தம். ஆறு வருடத்துக்கு முன்னால் என் செருப்புச் சத்தத்துக்கு உதட்டை நீட்டியவள் அதே உதட்டால் என்னை விரட்டினாள். படிவத்தில் "மனிதரைக் கண்டு எச்சரிக்கை ஒலி, கிளை ஒடித்து எறிதல், தரையிலிருந்து 20 மீட்டர்" என்று எழுதினேன். கை நடுங்கியதில் எழுத்து கோணலாக இருந்தது. அழுதேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை, சந்தோஷம்தான்.

ரேடியோவும் சாட்டிலைட் போனும் இருந்த முகாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பேசினேன்.

"உன்னத் தெரிஞ்சிக்கிச்சாம்மா?"

"இல்லப்பா. கிளைய ஒடிச்சி மேல போட்டுச்சி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காயுற மரம் இருக்கா அங்க? பசிக்காதா?" என்றார். இருக்கிறது, காட்டு ரம்புத்தானும் அத்தியும் பழுக்கிற பருவம் பார்த்துத்தான் விட்டார்கள் என்றேன்.

ஒராங்குட்டான் விடிந்ததும் கூட்டின் விளிம்பிலிருந்தே கழித்துவிடும். மறுநாள் காலை, அவள் போன பிறகு, காலியான கூட்டின் கீழே இலையில் விழுந்திருந்ததை எடுத்துப் புட்டியில் போட்டு, ஓடி வந்து முகாமில் பார்த்தேன். அத்திவிதை நிறைய இருந்தது. பட்டை நார் இருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் லார்வாக்கள் நெளிந்துகொண்டிருந்தன. மையத்தில் என்றால் அன்றைக்கே மருந்து ஆரம்பித்திருப்பார்கள். இங்கே அவள் மெலிந்து துவண்டாலோ காயப்பட்டாலோ மட்டும்தான் மருத்துவர் குறுக்கிடுவார். இரண்டு புழுவோடு காட்டில் வாழ்வது அவள் பாடு. எண்ணிக்கையை எழுதி, மருந்து என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கண்ணாடிச் சில்லைக் கழுவ எடுத்துப் போனேன்.